பத்து வருடப் பெர்கோலாவை இடிக்காமல் இலட்சணமாக்குவது எப்படி?

கேள்வி: பேராக், சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பின்புறம் பத்து வருடத்துக்கு முன் போட்ட மரப் பெர்கோலா, 10 அடிக்கு 12 அடி. நான்கு கால், இரண்டு உத்திரம், அதன் மேல் ஒன்பது கைமரம், பாதிக்கு மட்டும் பாலிகார்பனேட் ஷீட். மரம் சாம்பல் பூத்துவிட்டது, வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது, கால்களின் அடி கருத்துக் கிடக்கிறது. தீபாவளிக்குள் பார்க்கும்படி ஆக்க வேண்டும். கொடி விடலாமா, பிளாஸ்டிக் இலை கட்டலாமா, விளக்குப் போடலாமா, இல்லை முழுக்கக் கூரையே போட்டுவிடலாமா?

பதில்:

நீங்கள் கேட்ட நான்குமே மேலே சேர்ப்பவை. அதற்கு முன், அந்தப் பெர்கோலாவில் கண்ணை உறுத்துபவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உரியும் வார்னிஷ், பாசி, போன தீபாவளிக்கும் அதற்கு முந்தியதற்கும் அடித்த ஆணிகள், மஞ்சளித்த ஷீட், ஒன்று நீண்டும் ஒன்று குட்டையாகவும் நிற்கும் கைமர நுனிகள், மண் தெறித்த கால்கள். இவற்றில் ஒன்றைக்கூடக் கொடியோ விளக்கோ சரிசெய்யாது. மறைக்கும், அவ்வளவுதான். மறைத்த இடத்தில் ஈரம் தங்கி அடுத்த வருடம் இன்னும் மோசமாகும். ஆகவே கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிட வேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. மேற்குக் கரை மாநிலங்களில் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த நேரத்தில் கழுவிய மரம் காயாது, காயாத மரத்தில் எதைப் பூசினாலும் ஒட்டாது. ஜூன், ஜூலையில் கழுவி, பழுது பார்த்து, எண்ணெய் பூசிவிட்டு, அக்டோபரில் விளக்கும் தோரணமும் மட்டும் வைத்துக்கொள்வது சரியான வரிசை. செப்டம்பர் தாண்டிவிட்டது என்றால், இந்தத் தீபாவளிக்குக் கழுவுவது, நுனிகளை ஒழுங்காக வெட்டுவது, கால்களைச் சுற்றிக் கல் போடுவது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சை ஜனவரி கடைசி, பிப்ரவரி வெயிலுக்கு வையுங்கள். அந்த மூன்று வேலைக்கே பாதி அழகு வந்துவிடும்.

முதலில் மரம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். கூரான ஸ்குரு டிரைவர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காலிலும் தரையை ஒட்டிய இடம், உத்திரத்தின் மேல்முகம், கைமரம் உத்திரத்தில் உட்காரும் இடம், போல்ட் துளைகளைச் சுற்றி, இங்கெல்லாம் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அங்கே உளுத்திருக்கிறது. காலோடு மேலேறும் மண் கோடு தெரிந்தால் கரையான். அதைத் தட்டிவிட்டுச் சாயம் அடிப்பது வீண் வேலை. கரையான் மண்ணுக்குள் இருந்து வருகிறது. உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிட்டு மண்ணுக்கு மருந்து போட்ட பிறகே மற்றதைத் தொடுங்கள்.

என்ன மரம் என்பதும் தெரிய வேண்டும். சேங்கால், பலாவ், மெர்பாவ் போன்றவை கன வன்மரங்கள். பத்து வருடம் என்பது அவற்றுக்கு ஒரு வயதே இல்லை, மேலே சாம்பல் பூத்திருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் உள்ளே புது மரம் இருக்கும். கெம்பாஸ் கனமாக, கெட்டியாக இருக்கும், ஆனால் மருந்து ஏற்றாமல் வெளியில் போட்டால் கரையானும் பூஞ்சையும் விடாது. கெருயிங்கில் வெயில் பட்டால் பிசின் கசியும். கைமரத்தில் பளபளவென்று பழுப்புச் சொட்டுகள் தெரிந்தால் அதுதான். அதன் மேல் போடும் பூச்சு எதுவும் அந்த இடத்தில் நிற்காது, டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டே பூச வேண்டும். மெராந்தியும் ஞாத்தோவும் இலகுமரங்கள், மழை படும் இடத்தில் அவற்றுக்கு விடாத பராமரிப்பு தேவை. கித்தா மரத்தை நாற்காலி மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் மழையில் நின்றால் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் தின்றுவிடும்.

உங்கள் கால்களின் அடி கருத்திருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று வெறும் மண் தெறிப்பு. நம் ஊர் மழை வெறும் தரையில் விழுந்தால் செம்மண் ஓர் அடி உயரம் வரை எகிறிக் காலில் ஒட்டும், அதிலேயே பாசி பிடிக்கும். இதற்கு மருந்து கல்தான். பெர்கோலாவைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு 3 அங்குல ஆழம் தோண்டி, அடியில் களைத் தடுப்புத் துணி விரித்து, 20 மி.மீ. கூழாங்கல் நிரப்புங்கள். நான்கு பக்கமும் சேர்த்து 44 அடி ஓடுகிறது, மூலைகளோடு 12 கன அடி, எடையில் சுமார் அரை டன். மழைத்துளி கல்லில் விழுந்து உடைந்துவிடும், கால் சுத்தமாக இருக்கும். பணமும் உழைப்பும் குறைவாகச் செலவழித்து அதிக மாற்றம் தெரியும் வேலை இதுதான்.

இன்னொரு காரணம் கொஞ்சம் பெரியது. கால்களைக் குழியில் நிறுத்திச் சுற்றிலும் சிமெண்ட் ஊற்றியிருப்பார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கும், ஏற வழியில்லை. மேலே பார்த்தால் கால் கம்பீரமாக நிற்கும், தரைக்குக் கீழே அரை அடியில் புட்டு மாதிரி உதிரும். ஸ்குரு டிரைவர் அங்கே இறங்கினால் இப்படிச் செய்யுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு கால் மட்டும். மற்ற மூன்று கால்களுக்கும் சாய்வாகத் தற்காலிகச் சட்டம் அடித்து ஆடாமல் நிறுத்துங்கள். பழுதான காலுக்குப் பக்கத்தில், உத்திரத்துக்கு அடியில், இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் இரண்டைச் சேர்த்து முட்டுக்கொடுத்து, அதன் அடியில் பலகை போட்டு, காடி (கார்) ஜாக்கியால் மெல்ல ஏற்றுங்கள். 2, 3 மி.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றினால் மறுபக்கத்து இணைப்பு பிளக்கும். உளுத்த இடத்துக்கு மேலே, கெட்டியான மரம் தொடங்கி 6 அங்குலம் தள்ளி, மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் கோடு போட்டு அறுத்துவிடுங்கள். சிமெண்டுக்குள் மிஞ்சிய கட்டையைச் சுரண்டி எடுத்து, குழியைக் கழுவி, 10 மி.மீ. கம்பி இரண்டை நிறுத்தி, சுருங்காத கிரவுட் (நிரப்புச் சிமெண்ட் கலவை) ஊற்றுங்கள். அந்தக் கம்பிகளைச் சுற்றி 8 அங்குலச் சதுரத்தில் கான்கிரீட் பீடம் எழுப்பி, தலையில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த யூ வடிவ இரும்புப் பிடியைப் பதியுங்கள். பீடம் தரைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் வர வேண்டும், எவ்வளவு அறுத்தீர்களோ அதற்கேற்ப உயரம் கூடும். பீடத்தின் தலை தட்டையாக இருக்கக் கூடாது, வெளிப்பக்கம் வழியும்படி கொலுறால் (பூச்சுக் கரண்டியால்) சரித்துவிடுங்கள். ஏழு நாள் கழித்துக் காலை இறக்கி, 12 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு முடுக்குங்கள். மரத்தின் அடிக்கும் பீடத்துக்கும் நடுவில் அரை அங்குலம் காற்றுப் போக இடம் இருக்கட்டும். அந்தப் பீடங்கள் நான்கும் ஒரே உயரத்தில் நின்றால் பெர்கோலாவுக்கே ஒரு நிமிர்வு வரும். ஒரு காலுக்கு மட்டும் பழுது என்றாலும் நான்குக்கும் ஒரே மாதிரி பீடம் கட்டிவிடுவது பார்வைக்கு நல்லது.

இங்கே தாமான்களில் இருக்கும் பெர்கோலாக்களில் இன்னொரு பொதுவான குறை, கால்கள் மெலிந்து மேல்பாகம் கனத்திருப்பது. நாலுக்கு நாலு கால் இழைத்த பிறகு மூன்றரை அங்குலம்தான் தேறும். 12 அடி அகலத்தின் கீழே அது குச்சிபோலத் தெரியும். இதற்கு மலிவான வழி, காலும் உத்திரமும் சேரும் இடத்தில் 45 டிகிரியில் தாங்குகட்டை வைப்பது. இரண்டுக்கு நாலு சட்டத்தில் 2 அடி நீளம், ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. பெர்கோலா ஆட்டம் காணாமலும் இருக்கும், காலுக்கும் மேலுக்கும் நடுவே கண்ணுக்கு ஒரு தொடர்ச்சியும் கிடைக்கும். எட்டையும் ஒரே அச்சு வைத்து வெட்டுங்கள். ஒன்று கால் அங்குலம் கூடினாலும் தெரியும்.

இன்னும் கனமாக வேண்டும் என்றால் காலைச் சுற்றிப் பலகை அடைக்கலாம். மூன்றரை அங்குலக் காலின் நான்கு பக்கமும் அரை அங்குலத் துண்டுகள் வைத்து, முக்கால் அங்குலப் பலகையால் மூடினால் வெளி அளவு சரியாக 6 அங்குலம் வரும். ஒரு காலுக்கு நாலரை அங்குலப் பலகை இரண்டு, 6 அங்குலப் பலகை இரண்டு. ஏழரை அடி உயரத்துக்கு நான்கு கால்களுக்கும் சேர்த்து 120 அடி ஓட்டம். அடியில் ஓர் அங்குலம் திறந்தே இருக்கட்டும். ஆனால் கால் கன வன்மரமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கெம்பாஸ், மெராந்தி என்றால் பலகைக்குள் கரையான் ஏறுவது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது நுனிகள். ஒன்பது கைமரமும் உத்திரத்தைத் தாண்டி எவ்வளவு நீள்கின்றன என்று அளந்து, மிகக் குட்டையானதை அளவாக வைத்து, சுண்ணாம்பு நூலை இழுத்து அடித்து எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டுங்கள். 12 முதல் 18 அங்குலம் வெளியே நிற்பது இரண்டுக்கு நாலு மரத்துக்குப் பொருத்தம். பிளைவுட்டில் ஓர் அச்சு வெட்டி, நுனியின் கீழ்ப்பாதியைச் சரிவாகவோ லேசான வளைவாகவோ ஜிக்சாவில் எடுக்கலாம். பூ வேலை, பாம்புத் தலை எல்லாம் வேண்டாம். ஒன்பது தடவை திரும்பும் உருவம் எளிமையாக இருந்தால்தான் எடுபடும். வெட்டிய முகத்துக்கு உடனே, அன்றைக்கே, எண்ணெயை மூன்று தடவை குடிக்கக் கொடுங்கள். மரத்தின் குறுக்குவெட்டு நீரைப் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும், உளுப்பு எப்போதும் நுனியில் தொடங்குவது அதனால்தான்.

ஆணிகளையும் இப்போதே பிடுங்குங்கள். நம் வன்மரங்களில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மைபோலக் கருப்பாகும். ஒவ்வொரு ஆணியின் கீழும் கண்ணீர்க் கோடு போல வழிந்திருப்பது அதுதான். புதிதாக எதைப் போட்டாலும் 304 தரத் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரு போடுங்கள். 6 மி.மீ. ஸ்குருவுக்கு 4.5 மி.மீ. துளை முதலில் போடாவிட்டால், பலாவ் மரத்தில் ஒன்று மரம் பிளக்கும் அல்லது ஸ்குரு முறியும்.

இனிக் கழுவுவது. ஹை-பிரஷர் பம்பைக் கையில் எடுப்பதற்கு முன் யோசியுங்கள். நீர் ஊசிபோல இறங்கி மென்மையான நாரைச் சுரண்டி, வெயிலில் காய்ந்த பிறகு மரம் முடி முளைத்ததுபோல நிற்கும். நைலான் பிரஷ் போதும். பாசிக்கு வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. கீழிருந்து மேலாகப் பூசுங்கள், மேலிருந்து வழிந்தால் கோடு விழும். பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, சாம்பல் நிறத்துக்கும் இரும்புக் கறைக்கும் ஆக்ஸாலிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, நனைந்த மரத்தில் பூசி இருபது நிமிடம். கண் முன்னாலேயே கருப்புப் போய் மரத்தின் சொந்த நிறம் திரும்பும். பிறகு நன்றாகக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சையும் ஆசிடையும் ஒரே நாளில், ஒரே வாளியில் வைத்துக்கொள்ளவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும்.

உரியும் வார்னிஷை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும். பாதி உரிந்ததன் மேல் புதுப் பூச்சு அடித்தால், பழையது உரியும்போது புதியதையும் கூட்டிக்கொண்டு போகும். சுரண்டியபின் 60 நம்பர் மணல் தாள், பிறகு 80, கடைசியில் 100. அதோடு நிறுத்துங்கள். எண்ணெய் பூசப்போகும் மரத்தை இன்னும் வழவழப்பாக்கினால் துளைகள் அடைந்து எண்ணெய் இறங்காது. கழுவிய பின் மழை படாத மூன்று நாள் வெயில் வேண்டும். ஈரமானி இருந்தால் 18 விழுக்காட்டுக்குக் கீழ் வந்ததும் பூசலாம்.

எதைப் பூசுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. மழையும் வெயிலும் நேரடியாகப் படும் பெர்கோலாவுக்கு வார்னிஷும் லாக்கரும் வேண்டாம். இரண்டும் மரத்தின் மேல் தோல் போலப் படிகிறவை. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தோலால் அந்த அளவு நீள முடியாமல் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேறாமல் அடியில் கருப்பாக நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். கண்ணாடிபோல நிறமில்லாத பூச்சில் இன்னொரு குறை, சூரியனின் புற ஊதாக் கதிர் அதைத் தாண்டிப் போய் மரத்தின் மேல்படலத்தையே சிதைக்கும். நிறமி கலந்த, மரத்துக்குள் இறங்கும் வெளிப்புற மர எண்ணெய் அல்லது ஸ்டெய்ன் வாங்குங்கள். அது உரியாது, தேய்ந்து மங்கும். மங்கியதும் கழுவிவிட்டு அதன் மேலேயே பூசிக்கொள்ளலாம். மேல்முகத்துக்கு வருடம் ஒருமுறை, பக்கங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

எத்தனை டின்? உங்கள் அளவுக்கு, நாலுக்கு நாலு கால் நான்கு, இரண்டுக்கு ஆறு உத்திரம் இரண்டு, இரண்டுக்கு நாலு கைமரம் ஒன்பது என்று வைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 190 சதுர அடி, அதாவது பதினேழரை சதுர மீட்டர். சொரசொரப்பான பழைய மரம் லிட்டருக்கு 8 சதுர மீட்டர்தான் கொடுக்கும். இரண்டு பூச்சுக்கு நாலரை லிட்டர், ஒரு 5 லிட்டர் டின். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள், நாலு மணி மழைக்கு நேரம் இருக்கட்டும். பூசிப் பதினைந்து நிமிடத்தில் மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, அல்லது தண்ணீரில் முக்கிவிட்டுப் போடுங்கள்.

தோட்டப்புறத்தில் பழைய எஞ்சின் எண்ணெயை மரத்துக்கு அடிக்கும் வழக்கம் உண்டு. வேலிக்கால்களோடு அது நிற்கட்டும். உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடத்தில் அது வருடக்கணக்கில் சட்டையில் ஒட்டும், அதன் மேல் வேறெந்தப் பூச்சும் பிடிக்காது.

நிறம் பற்றிச் சுருக்கமாக: வெள்ளை வேண்டாம், மூன்று மாதத்தில் பச்சை தெரியும். மிகக் கருப்பும் வேண்டாம், வெயிலில் கொதித்து வெடிப்பு கூடும். நடுத்தரத் தேக்கு நிறம், உத்திரத்துக்கு மட்டும் ஒரு படி அடர்த்தி.

(இதைப் படிப்பவர்களில் பலரிடம் இரும்பு ஹோலோ (உள்ளே வெற்றிடமான குழாய்) பெர்கோலா இருக்கும். துருவைக் கம்பிப் பிரஷ் பூட்டிய கிரைண்டரால் எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பூசி, பிறகு இரண்டு கை எனாமல். ஆனால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு என்றால் அதற்கென்று உள்ள பிரைமர் முதலில் போக வேண்டும். நேரடியாக எனாமல் அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து தாள் தாளாக வரும். குழாயின் மேல்வாய் திறந்திருந்தால் மூடுங்கள், அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் நீர் துருவையும் ஏடிஸ் கொசுவையும் சேர்த்தே வளர்க்கும்.)

நிழல் விஷயத்துக்கு வருவோம். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்துச் சட்டங்களைக் கிழக்கு மேற்காக வைக்கிறார்கள். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அவர்களுக்கு அது சரி. சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 டிகிரிக்குள் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேராகக் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. ஆகவே நிழல்சட்டங்கள் வடக்கு தெற்காக ஓட வேண்டும். இரண்டுக்கு இரண்டு ரீப்பரை 2 அங்குல இடைவெளியில் அடித்தால் உச்சி வெயிலில் பாதி நிழல். சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஒரு சட்டத்தின் நிழல் அடுத்ததைத் தொட்டு, முழு நிழல். நம் கடிகாரத்தில் உச்சி வேளை ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது, ஆகவே அந்த முழு நிழல் மாலை நாலேகாலை ஒட்டித் தொடங்கும். வேலை விட்டு வந்து உட்காரும் நேரம். காலையிலும் பத்தேகால் வரை கிடைக்கும்.

உங்கள் 12 அடிப் பக்கம் வடக்கு தெற்காக இருந்தால், கைமரங்களுக்குக் குறுக்கே 12 அடி ரீப்பர் 31 வேண்டும். பலாவ் மரத்தில் அது 200 முதல் 300 கிலோ வரை வரும். கால்களும் இணைப்புகளும் சரியாக இருந்தால் தாங்கும். எண்ணெய்க் கணக்கும் இரட்டிக்கும், 10 லிட்டருக்கு மேல் போகும். கைமரங்களே வடக்கு தெற்காக ஓடினால் ரீப்பர் வேண்டியதில்லை. 18 அங்குல இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் இன்னொரு கைமரம், மொத்தம் எட்டு. இதில் முழு நிழல் ஐந்தேகாலுக்குத்தான் வரும், ஆனால் பார்வைக்கு இதுவே அழகு என்பேன். மேற்குப் பக்கச் சாய்வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் மீதியும் சரியாகும்.

கொடி விடலாமா என்றால், தாராளமாக. எந்தக் கொடி என்பதில்தான் ஏமாறுவார்கள். நீலப் பூவுக்காகத் துன்பெர்ஜியாவை நட்டால் ஒரு வருடத்தில் பெர்கோலாவை விழுங்கி வீட்டுக் கூரைக்குத் தாவும், மழை ஏறிய அதன் எடையில் கைமரங்கள் வளையும். ரங்கூன் மல்லி மணக்கும், சிவப்பும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும், ஆனால் வருடத்தில் இரண்டு தடவை கடுமையாக வெட்ட வேண்டும். காகிதப்பூவுக்கு முழு வெயிலும் காய்ந்த வேரும் வேண்டும், முள்ளும் உண்டு, உட்காரும் இடத்தின் ஓரத்துக்கு ஏற்றதல்ல. 10 அடிக்கு 12 அடிக்கு நான் சொல்வது பெட்ரியா. மெதுவாக வளரும், பூக்கும்போது மொத்தமும் ஊதாவாகும். இலை மட்டும் மணல் தாள் போல இருக்கும்.

சமையலறைக்கும் ஆக வேண்டும் என்றால் புடலையும் பீர்க்கும் போல வேறில்லை. புடலங்காய் உள்பக்கம் நேராகத் தொங்க இடம் கேட்கும் காய், பெர்கோலா அதற்கென்றே கட்டியது போல அமையும். நுனியில் சின்னக் கல் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதன் அடியில் யார் உட்காருவார்கள் என்று பார்த்துக் கட்டுங்கள். நான்கைந்து மாதத்தில் கொடி முடிந்துவிடும், அதை இழுத்துப் போட்டுவிட்டு மரத்தைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். நிலையான கொடியில் அது கிடைக்காது. தாட்பூட் (பேஷன் ஃபுரூட்) என்றால் மஞ்சள் பழ வகை நடுங்கள். ஊதா வகை கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்துக்கு உரியது.

எந்தக் கொடியானாலும் மரத்தைச் சுற்ற விடாதீர்கள். 3 மி.மீ. எஃகுக் கம்பியை வளையத் திருகுகளில் மாட்டி, மரத்திலிருந்து 2 அங்குலம் விலக்கி இழுத்துக் கட்டுங்கள். கொடி கம்பியில் ஏறட்டும், மரம் மூச்சு விடட்டும். எண்ணெய் பூசும் நாளில் கம்பியைக் கழற்றிக் கொடியோடு கீழே சாய்த்துவிடலாம். வேர்க்குழி காலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும்.

பிளாஸ்டிக் இலை வேண்டாம். வெயிலில் சில மாதத்தில் பச்சை போய் நீலம் பாரித்து, பிறகு நொறுங்கி முற்றம் முழுக்கக் கொட்டும்.

விளக்கு நல்ல யோசனை. 24 வோல்ட் எல்இடி, மஞ்சள் சார்ந்த 2700 முதல் 3000 கெல்வின், ஐபி65 தரம். விளக்குக் கண்ணில் படக் கூடாது, வெளிச்சம் மரத்தில் படவேண்டும். உத்திரத்தின் உள்பக்கம் கீழ்நோக்கி ஒரு காலுக்கு ஒன்று, 3 வாட் போதும். வெள்ளை வெளிச்சம் பூச்சியை அதிகம் இழுக்கும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். மின்மாற்றி வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே 24 வோல்ட் மட்டும் வரட்டும். வெளியில் 230 வோல்ட் பிளக் பாயிண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி) இல்லாமல் வைக்காதீர்கள், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். இந்த வேலையோடு உத்திரத்தின் உள்பக்கம் அடிக்கு ஒன்றாகச் சின்ன எஃகுக் கொக்கிகளைத் திருகிவிட்டால், தோரணத்துக்கும் மாவிலைக்கும் இனி வருடாவருடம் ஆணி அடிக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கூரை. இப்போதுள்ள பாதி ஷீட்டைக் கழற்றிவிடுங்கள், மஞ்சளித்ததைத் தேய்த்து மீட்க முடியாது. புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தெளிந்த ஷீட் வாங்காதீர்கள், கீழே அடுப்பாகிவிடும். பால் வெள்ளை அல்லது வெண்கல நிறம். புற ஊதாத் தடுப்புப் பூச்சு உள்ள முகம் மேலே வர வேண்டும். மேல் கீழ் மாற்றிப் போட்டதாலேயே சீக்கிரம் மஞ்சளித்தவை பல. 3 மீட்டர் ஷீட் ஒன்று 35 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 7 மி.மீ. நீளும். ஆகவே 6 மி.மீ. ஸ்குருவுக்கு 10 மி.மீ. துளை, ரப்பர் வாஷர், அளவாக முடுக்கு. இறுக்கினால் இரவில் படார் படார் என்று சத்தம் கேட்கும், கடைசியில் துளையிலிருந்து விரிசல் ஓடும். அறை அறையாக உள்ள இரட்டைச் சுவர் ஷீட்டென்றால் குழல்கள் சரிவுத் திசையில் ஓட வேண்டும். மேல்முனைக்குக் காற்றுப் புகாத டேப், கீழ்முனைக்கு மூச்சுவிடும் டேப். ஒட்டாமல் விட்டால் உள்ளே பாசி வளரும், அதைக் கழுவ வழியே இல்லை. சரிவு 5 டிகிரிக்குக் குறையக் கூடாது, 10 அடி ஓட்டத்துக்குப் பத்தரை அங்குல இறக்கம்.

முழுக் கூரை என்றால் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் விசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன பீடம் திறந்த பெர்கோலாவுக்குப் போதும், முழுக் கூரைக்குப் போதாது. அதோடு, திறந்த சட்டம் கூரையாகும்போது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டட வரைபட அனுமதிக் கேள்வி எழும். வரைபடத்தோடு கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழாமல் எந்தச் சாக்கடைக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப எந்தப் பக்கம் சரிவு என்று முடிவு செய்யுங்கள். ஷீட்டுக்குச் சொல்வது அதற்குப் பிறகுதான்.